படத்தில் தெரியாத ஆணி

ஜோசப்பினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு யாரும் லேசில் தப்பிக்க முடியாது. சாயங்காலம் வருகிறேன் என்று சொன்ன ஆள் மறுநாள் காலையில் வந்து நின்றால், "எந்த ஊருல இப்பச் சாயங்காலம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவாள். கொடைக்கானலில் அவள் இருந்த லைன் வீடுகளில் இதனாலேயே அவளுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். ஆனால் அந்தக் கறாரை அவள் தன்னிடமும் காட்டினாள் என்பதை அந்தச் சனங்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

அவள் பிறந்தது அடிவாரத்தில், அய்யம்பாளையத்தில். அப்பா தென்னந்தோப்பில் காய் வெட்டுகிறவர். பத்தொன்பது வயதில் அடைக்கலராஜுக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறினாள். அடைக்கலராஜ் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். ரோஜாச் செடியோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசாத ஆள். மகளுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு கண் சொருகிக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் பிள்ளை உயரத்துக்கு மெழுகுவர்த்தி என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள் ஜோசப்பின். பிள்ளை பிழைத்தது. மெழுகுவர்த்திக்குச் சொல்லி, அது மதுரையிலிருந்து வந்து சேர்வதற்குள் பிள்ளை இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டது. ஜோசப்பின் மெழுகை உருக்கி இரண்டு விரற்கடைக்கு ஒட்டுப் போட்டாள். "மாதா என்ன டேப்பு வச்சுக்கிட்டா நிக்கிறா?" என்றார் அடைக்கலராஜ். "நான் வச்சுக்கிட்டு நிக்கிறேன்ல" என்றாள் அவள்.

எழுபதாம் வருஷம் முதல் அவளுக்கு ஒரு மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சலவை வேலை. பிள்ளைகளின் துணிகளை நம்பர் பார்த்து எண்ணி வாங்கி, மூட்டை கட்டி, மேலே இருக்கும் ஹாஸ்டலிலிருந்து கீழே இருக்கும் சலவைக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் அறுபத்திரண்டு கல்படி. காலையில் இறங்கினால் சாயங்காலம் ஏற்றம். பதினெட்டு வருஷம் அந்தப் படிகளைப் பார்க்காமலே ஏறி இறங்கினாள்.

எண்பத்தெட்டு ஜனவரி கடைசியில் ஒரு நாள் விடிகாலை, புல் மேலெல்லாம் உறைபனி உப்புக் கொட்டிய மாதிரிக் கிடந்தது. தலையில் போர்வை மூட்டை. பதினோராவது படியில் வலது கால் வழுக்கியது. உடம்பு ஒரு பக்கம் போக, பாதம் இன்னொரு பக்கம் போனது. கணுக்காலில் காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு பார்த்தால் பாதம் தனக்குச் சம்பந்தமில்லாத திசையில் திரும்பிக் கிடந்தது.

ஆள் வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியில்தான் அவள் அந்த நேர்ச்சையைச் செய்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு அவர்கள் கோவிலைத் தெரிந்திருக்க வேண்டும். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. குணமானவர்கள் வெள்ளியில் கண், கை, கால் என்று செய்துகொண்டு வந்து அதற்குள் வைப்பார்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு கொத்தனாரின் முழங்கையிலிருந்து எடுத்த மூன்று திருகாணிகளும் கிடக்கும். ஆஸ்பத்திரியில் உடம்புக்குள் வைத்த இரும்பை, வேலை முடிந்து வெளியே எடுத்ததும் சாமிக்குக் கொண்டுபோய்ப் போடுவது அந்த மலையில் வேதக்காரர், இந்துக்கள் எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது. வெள்ளிக் காலை யாரும் கடையில் வாங்கலாம். அந்த இரும்பு அப்படியில்லை, அந்த ஆளின் வலியோடு கூடவே கிடந்தது.

ஆகவே பனியில் கிடந்தபடி ஜோசப்பின் சொன்னாள்: "தாயே, நான் பழையபடி நடந்தா, எங்காலுக்குள்ள எத வச்சு ஒட்டவைக்கிறாங்களோ, அத ஒங்காலடியில கொண்டாந்து வைக்கிறேன்."

ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது சேனாதிபதி. பழனிக்காரன், பள்ளிக்கூடத்துக்கு வாடகை ஜீப் ஓட்டுகிறவன். அவன் தொடையிலேயே ஒரு வருஷம் தகடு இருந்தது. "பயப்படாதீங்கக்கா. தகடு வைப்பாங்க, ஒரு வருசங் கழிச்சு மறுக்கா அறுத்து எடுத்துக் கையில குடுத்துருவாங்க. நான் கொண்டுபோயி முருகன் உண்டியல்லதான் போட்டேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு வருஷம் காத்திருக்கலாம், ஒன்றும் மோசமில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு வெளிநாட்டு டாக்டர் வந்திருந்தார். பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்திலிருந்து சில மாதங்களுக்கு வந்தவர். ஆள் பனைமர உயரம், குரல் மட்டும் பூனைக்குட்டியுடையது. எக்ஸ்ரே எடுக்கிற அலெக்சாண்டர்தான் அவருக்குத் தமிழ் வாய். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். ஜோசப்பினுக்கு நினைவு தப்பவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. தன் காலில்தான் அடிக்கிறார்கள் என்று தெரிந்தும் வலிக்காமல் இருந்தது அவளுக்கு விநோதமாக இருந்தது.

கட்டு மாற்றுகிற அன்று பார்த்தால் கணுக்காலின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு சின்னக் கீறல். சேனாதிபதிக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை ரயில் தண்டவாளம் போலத் தழும்பு. இவளுக்குக் கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு தையல். இதன் வழியாகவா ஆணி போனது?

அலெக்சாண்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். எலும்பு தெரிந்தது, முறிந்த இடத்துக் கோடு தெரிந்தது. அவள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினாள்.

"தம்பி, ஆணி எங்க?"

"தெரியாதும்மா. இது படத்துல விழாத ஆணி. இரும்பு கெடையாது, புதுச் சரக்கு. டாக்டர் அவங்க ஊருலருந்து கையோட கொண்டாந்தது. தீக்குச்சி கனந்தான் இருக்கும். எலும்பு சேர்ற வரைக்கும் புடிச்சுக்கிட்டு இருக்கும், பெறகு தன்னால கரைஞ்சு போயிரும்."

"கரைஞ்சு?"

"ஆமா. எடுக்கவே வேண்டாம். ரெண்டாவது ஆபரேசனே இல்ல. யோகக்காரிம்மா நீங்க!"

நர்சு தெரசம்மாளும் அதையே சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரி பெருமூச்சே விட்டாள். அந்த வார்டில் ஜோசப்பின் ஒருத்திக்குத்தான் முகம் செத்துப்போனது. எடுக்க வேண்டாமென்றால் எதைக் கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் டாக்டர் வந்தபோது கேட்டுவிட்டாள். "கரைஞ்சு எங்க போகும்னு கேளுங்க தம்பி." அலெக்சாண்டர் கேட்டான். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அலெக்சாண்டர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "தண்ணியாவும் காத்தாவும் ஆயிருமாம்மா. கொஞ்சங் கொஞ்சமா மூச்சுல வெளிய போயிருமாம்."

அன்று முழுக்க ஜோசப்பின் மூச்சு விடப் பயந்தாள். சிரிக்கிற விஷயம்தான், ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாவுக்குச் சொன்ன பொருள், மூக்கு வழியாக வார்டுக்குள் கலந்து, பக்கத்துக் கட்டில்காரியின் இருமலோடு ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு ஆணியை மட்டும் கரைவதற்கு முன்னால் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள். கேட்டாள். டாக்டர் சிரித்து அவள் தோளைத் தட்டினார். தட்டியதற்கு என்ன அர்த்தம் என்று அலெக்சாண்டர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டை ஊன்றி நடந்த நாட்களில் குழப்பம் கூடியது. உள்ளே வைத்தார்களா, இல்லையா? வைக்காமலே வைத்ததாகச் சொல்கிறார்களா? வைக்கவில்லை என்றால் கால் எப்படிச் சேருகிறது? கரைந்துவிட்டால் காலைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? பங்குச் சாமியாரிடம் போய் முழுக்கதையையும் சொன்னாள். நல்ல மனிதர். "மூச்சாத்தானே போகுது? அந்த மூச்சுல செபம் சொல்லும்மா, அதுவே காணிக்கை. மனசு கேக்கலேன்னா ஒரு வெள்ளிக் கால் வாங்கி வச்சிரு" என்றார். ஜோசப்பின் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து அடைக்கலராஜிடம் சொன்னாள்: "மூச்சு ஊருல எல்லாரும்தான் விடுறாங்க. நான் வெள்ளிக் கால்னும் சொல்லல."

ஈஸ்டர் முடிந்ததும் டாக்டர் ஊருக்குப் போய்விட்டார். ஏப்ரல் கடைசியில், கட்டையை வைத்துவிட்டுத் தன் காலில் நடக்க ஆரம்பித்த பத்தாவது நாள், வெளிப்பக்கத் தழும்பில் ஒரு வீக்கம் கண்டது. நெல்லிக்காய் அளவு. சிவந்து, தொட்டால் தளதளவென்றது. மாதா கேட்க ஆரம்பித்துவிட்டாள். கொடுத்த காலைத் திருப்பி எடுக்கப் போகிறாள். வேறு என்ன?

சேனாதிபதியின் ஜீப்பிலேயே மறுபடி ஆஸ்பத்திரி. தெரசம்மாள் அழுக்கில்லாமல் துடைத்து, லேசாகக் கீறினாள். கலங்கலாக நீர் வந்தது. கூடவே குருணை அரிசி மாதிரி வெளிறிய துகள்கள் இரண்டு மூன்று. தெரசம்மாள் பஞ்சால் ஒற்றி எடுத்து எனாமல் கிண்ணத்தில் போட்டாள்.

"டாக்டர் எழுதி வச்சுட்டுத்தான் போயிருக்காரு" என்றான் அலெக்சாண்டர், ஒரு தாளைப் பார்த்தபடி. "சில பேருக்கு மூணாவது மாசம் இப்படி ஆகுமாம். கரையிற ஆணி கொஞ்சம் வெளிய வருமாம். பயப்படக் கூடாதாம், தன்னால ஆறிருமாம்."

ஜோசப்பின் படுத்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், அந்தக் கிண்ணத்தக் குடுங்க."

"எதுக்கு? கொண்டுபோயி எரிக்கணும்."

"அது என்னுது."

"சீழும்மா அது."

"எங்காலுலருந்துதான வந்துச்சு? குடுங்க!"

தெரசம்மாள் கிண்ணத்தைப் பின்னால் மறைத்தாள். ஜோசப்பின் எட்டி அதன் விளிம்பைப் பிடித்தாள். நாற்பத்து நான்கு வயதுப் பொம்பளை, அடுத்தவர் பொருளைத் தொடாதவள், சீழ்க் கிண்ணத்துக்காக ஒரு நர்சோடு இழுபறி போடுவதை வாசலில் நின்ற நோயாளிகள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அலெக்சாண்டர்தான் சமாதானம் செய்தான். காலியான ஊசி மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து, கிடுக்கியால் இரண்டு துகள்களை அதற்குள் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, ரப்பர் மூடியை அழுத்தினான்.

ஜோசப்பின் குப்பியை வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு குருணை அடியில் கிடந்தன. மனது நிறைந்த அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது.

"தம்பி, இது ஆணியா, எம் எலும்பா, இல்ல வெறுஞ் சீழா?"

அலெக்சாண்டர் நேர்மையான ஆள். "எனக்கும் தெரியலம்மா" என்றான்.

பத்து நாளில் புண் ஆறியது. வேலைக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டல் மேட்ரன் இரண்டு தடவை ஆள் விட்டுவிட்டாள். ஜூன் முதல் தேதிக்கு வந்து நிற்காவிட்டால், பதிலுக்கு வைத்திருந்த பெண்ணையே நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள் என்று சேதி. அடைக்கலராஜ் ஒரு நாளும் இல்லாத திருநாளாக வாயைத் திறந்தார்.

"ஏண்டி, காலுதான் சரியாப் போச்சே. வெரசாப் போயிச் சேர வேண்டியதுதான?"

"சொன்னத வைக்காம, அந்தக் கால நம்பி நான் படி எறங்க மாட்டேன். பாதிப் படியில அவ திருப்பிக் கேட்டா?"

மே மாதம் மாதாவின் மாதம். கடைசி நாள்தான் தேர், அன்றைக்குத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறப்பார்கள். அது வரை குப்பி அலமாரியில் சீலைகளுக்கு நடுவே இருந்தது. அடிக்கடி எடுத்துப் பார்த்தால் கெட்டுவிடும் என்று அவளாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, கடைசி ஒரு வாரம் தொடவே இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி பூசை முடிந்து காணிக்கைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஜோசப்பின் மடியிலிருந்து குப்பியை எடுத்து, சுற்றியிருந்த கைக்குட்டையைப் பிரித்தாள். ஸ்பிரிட் தெளிவாக இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. குலுக்கினாள். ஜன்னல் வெயிலில் பிடித்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். லேசாக ஒரு தூசி எழும்பி அடங்கிய மாதிரி இருந்தது, அதுவும் கண்ணின் மயக்கமோ என்னவோ.

"என்னங்க, காணோம்."

அடைக்கலராஜ் வாங்கிப் பார்த்தார். "திரும்பிப் போயிருவமா?"

பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். வரிசை அவளைத் தள்ளிக்கொண்டு போய் உபதேசியார் பரமானந்தத்தின் முன்னால் நிறுத்தியது. அவர்தான் காணிக்கைகளை வாங்கிப் பெட்டியில் வைக்கிறவர்.

"என்னம்மா இது, மருந்தா?"

"எங்காலுக்குள்ள வச்ச ஆணிங்க."

"எங்க?"

"கரைஞ்சு போச்சு."

பரமானந்தம் மூடியைத் திறந்து மோந்தார். முகத்தைச் சுளித்தார். "சாராய வாடை அடிக்குது. இதப் போயி மாதாவுக்கு வைக்கவா? ஃபாதர் வெள்ளிக் கால்தான வாங்கச் சொன்னாரு?"

"நான் வெள்ளிக் கால்னு சொல்லலைங்க."

"பெறகு என்னதான் சொன்ன?"

"எங்காலுக்குள்ள எத வச்சாங்களோ, அத அவ காலடியில வைக்கிறேன்னு சொன்னேன்."

நான்கு மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். வாய்விட்டுச் சொன்னதும் அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். அந்த ஆணி படத்தில் இல்லை. கிண்ணத்தில் மிஞ்சியதை எரித்திருப்பார்கள். குப்பியிலும் இல்லை. மூச்சில் போனது போகட்டும், ஏதாவது ஒரு பொட்டு எங்கேயாவது பாக்கி இருக்குமென்றால் அது இதற்குள்தான் இருக்க வேண்டும். இதை வைக்கலாமா? கோவிலில் கால் நீட்டி உட்கார்ந்தாலே கிள்ளுகிற சனத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் அவள். சரியா தப்பா என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. சொன்னது மட்டும் தெரிந்தது.

மாதா நின்ற பீடத்தின் விளிம்பு முழங்கால் உயரம். முத்தி செய்து செய்து, உதடு பட்டுப் பட்டு, மாதாவின் கால்விரலில் நீலமும் வெள்ளையும் போய்ச் சுண்ணாம்பு தெரியும். ஜோசப்பின் சீலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து அந்த விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். சவக்காரம் தின்று வெடித்த பாதம். பக்கத்தில் இளஞ்சிவப்பாகத் தழும்பு.

பரமானந்தம் அலறினார்.

"அடப் பாவி மகளே! மாதா மேலயா காலத் தூக்குற? எடு கால!"

"இருங்கண்ணே. வச்சிருக்கேன். அவ எடுத்துக்கட்டும்."

'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை விடாமல் ஆமென் வரை சொன்னாள். பரமானந்தம் அவள் கையைப் பிடிக்க வந்தார், ஆனால் செபம் சொல்கிறவளை எப்படி இழுப்பது என்று தெரியாமல் நின்றார். செபம் முடிந்தது. கால் அங்கேயேதான் இருந்தது, அவளோடு சேர்ந்தே இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவள் காலைக் கீழே இறக்கி ஊன்றினாள். ஊன்றிக்கொண்டு இரண்டு பக்கமும் விலகி நின்ற சனங்களுக்கு நடுவில் வெளியே நடந்தாள்.

வெளியே மதில் ஓரம் உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடைக்கலராஜ் உபதேசியாரிடமிருந்து வாங்கி வந்த குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் குந்தினார்.

"கால் வலிக்குதா?"

"இல்லைங்க."

"பெறகு ஏன் அழுகுற?"

"நான் குடுத்தேன். அவ வாங்கிக்கல. அப்ப நேர்ச்சை தீந்துச்சா, தீரலையா? ஒண்ணும் புரியலையே."

அடைக்கலராஜ் குப்பியை மதில் மேல் வைத்தார். "வைக்கிறேன்னுதான சொன்ன, வச்சுட்ட. ஒன் சோலி அதோட முடிஞ்சுச்சு" என்றார். "எடுக்கிறதும் எடுக்காததும் அவ சோலி."

அவர் சொன்னது சரிதானா என்று ஜோசப்பின் எப்படியெல்லாமோ திருப்பிப் பார்த்தாள். முழுதாக ஒப்பவில்லை. மறுக்கவும் முடியவில்லை. மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு வெள்ளனே எழுப்பி விடுங்க" என்றாள். "ஹாஸ்டல் துணி எடுக்கணும்."